தேய்ந்த பேரிங்குக்கு நாள் பார்த்த பட்டு

சுந்தரராமன் மில் ஸ்டோர்ஸ் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டது. பம்மலில் பிறந்து, முடிச்சூரில் மூழ்கி, பெருங்களத்தூரில் இடிபட்டு, இப்போது வண்டலூரில் சிங்கம் கத்தினால் காதில் விழும் தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெற்கே நகர்கிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் மூன்று தலைமுறையில் திண்டிவனம் வந்துவிடும்.

கடையின் இன்றைய முதலாளியம்மா பட்டு. வயது ஐம்பத்தேழு. தம்பி அச்சுதன் பங்குதாரர். அதாவது, முடிவுகள் எடுக்கப்பட்ட பிறகு அவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்.

மில் ஸ்டோர்ஸ் என்ற பெயரைப் பார்த்து அரிசி கேட்டு வந்தவர்கள் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வேண்டிய பேரிங், பெல்ட், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல், நட்டு, போல்ட்டு விற்கும் கடை அது. பட்டுவின் அப்பா சுந்தரராமன் பம்மலில் ஒரு டேனரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தோல் ஊறும் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து பதினைந்து வருடம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, எண்பத்து மூன்றில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டார். உறவினர்களுக்கு அது பெரிய சங்கடம். கல்யாணப் பத்திரிகைகளில் 'எஞ்சினியரிங் துறை' என்று போடச் சொன்னார்கள். தோல் என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள். தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்துதான் இதையும் சொன்னார்கள்.

பட்டு பி.காம். முடித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை சும்மா இருப்பானேன் என்று கடைக்கு வந்தார். கல்யாணம் ஆயிற்று. கணவர் சத்யநாராயணன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், பேரிங்குக்கும் பன்னுக்கும் நடுவில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்ற வித்தியாசம் மட்டும் தெரிந்தவர். பட்டு கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம். புதுசு வேண்டுமா, பழசைக் கொண்டு வா. ஃபிட்டர் தேய்ந்துபோன பேரிங்கைக் கொண்டு வருவார். அளவு பார்த்துப் புதியதைக் கொடுப்பார்கள். பழசு திரும்பிப் போகாது. சின்ன அலுமினியத் தகட்டில் எந்தத் தொழிற்சாலை, எந்த மெஷின், எந்தப் பக்கம் என்று எழுத்து பதிக்கும் பஞ்ச் உளியால் அடித்து, கம்பியில் கோத்து அந்தப் பழைய பேரிங்கின் கழுத்தில் கட்டி, சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் ஃபிட்டர் வெறும் கையோடு வந்து "போன தடவை குடுத்தது மாதிரி" என்றால் போதும். மற்ற கம்பெனிகள் புத்தகமாக அச்சடித்து வைத்திருந்ததை இவர்கள் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளில் கழிவுநீர் வழக்கு வந்து டேனரிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள் என்று மற்ற கடைக்காரர்கள் தலையில் கை வைத்தபோது, சுந்தரராமன் மகளோடு பஸ் ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை எந்தப் புகைபோக்கியெல்லாம் புகைகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார். கடை முடிச்சூருக்குப் போனது. சில வருடங்களில் அவர் காலமானார். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் தண்ணீர் வந்தது.

தண்ணீர் கம்ப்யூட்டரைக் குடித்தது. முப்பது வருட ரிஜிஸ்டர்களைக் கஞ்சியாக்கியது. வடிந்த பிறகு பட்டு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தபோது ஆணிகளில் பழைய பேரிங்குகள் சேறு பூசிக்கொண்டு அப்படியே தொங்கின. துடைத்துப் பார்த்தால் தகட்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அன்றோடு பட்டுவுக்குக் காகிதத்தின் மேலிருந்த நம்பிக்கை போயிற்று.

"அக்கா, எல்லாத்தையும் திரும்ப கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்" என்றார் அச்சுதன்.

"ஏத்து. அடுத்த தடவை அது நீஞ்சிண்டு வருமா?"

"இப்பல்லாம் கிளவுட்ல வெக்கறா அக்கா. தண்ணி தொடாது."

"மேகத்தாலதானேடா இவ்வளவும் வந்தது!"

வெள்ளத்துக்கு நிபுணர்கள் பல காரணம் சொன்னார்கள். ஏரி, மதகு, ஏரிக்குள் எழும்பிய நகர்கள். பட்டுவின் அத்தை ஒருத்தி வேறு காரணம் சொன்னாள்: முடிச்சூரில் பால் காய்ச்சிய அன்றே தேய்ந்த, உடைந்த சாமான்களை உள்ளே கொண்டுவந்தது தப்பு. ஏரியில் மனை போட்டவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்க, பழைய பேரிங் குற்றவாளியாயிற்று. பட்டு அதை அப்படியே மனதில் குறித்துக்கொண்டார்.

அடுத்து பெருங்களத்தூர். ஒன்பது வருடம் ஓடியது. பிறகு சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டார்கள். குறி கல்லாப்பெட்டியின் மேல் விழுந்திருந்தது. கட்டடச் சொந்தக்காரர் முழுக் கட்டடத்தையும் இடிப்பு கான்டிராக்டரிடம் விட்டார். பட்டு வண்டலூரில் இடம் பிடித்தார்.

இந்த முறை அத்தை சொன்ன தப்பு நடக்கக்கூடாது. புதன்கிழமை பால் காய்ச்சினார்கள். புதுச் சரக்கு மட்டும் உள்ளே போயிற்று. சுவரிலிருந்து இறக்கிய தேய்ந்த சாமான்கள் எட்டுச் சாக்காகப் பெருங்களத்தூர்க் கடையிலேயே இருந்தன. வியாழக்கிழமை கொண்டுவரலாமா? கரிநாள். வெள்ளிக்கிழமை? நல்ல நாளும் அதுவுமாகத் தேய்ந்த பொருள் வாசல்படி ஏறலாமா? சனிக்கிழமை இரும்பே ஆகாது. நாற்பத்திரண்டு வருடமாக இரும்பு விற்றே சாப்பிடும் குடும்பத்தில், சனிக்கிழமை மட்டும் இரும்புச் சரக்கு உள்ளே வராது. வெளியே போகலாம், அதற்குத் தடையில்லை. ஆகவே ஞாயிறு காலை ஏழரைக்கு மேல் எட்டே முக்காலுக்குள் என்று முடிவாயிற்று.

இடிப்பு கான்டிராக்டரின் ஆட்கள் நாள் பார்க்காதவர்கள். வெள்ளிக்கிழமை மதியமே வந்து, எட்டுச் சாக்கையும் பழைய இரும்போடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, பெருங்களத்தூர் டீக்கடைக்காரரிடமிருந்து: சாக்கெல்லாம் காணோம். இரண்டாவது, மறைமலைநகர்ப் பக்கத்து பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து: திங்கட்கிழமை வருடாந்தரப் பராமரிப்புக்காக மெஷின்களை நிறுத்துகிறோம், கீழ்க்கண்ட பதினான்கு உருப்படிகள் செவ்வாய் பகல் பன்னிரண்டுக்குள் கேட்டில் இருக்க வேண்டும்.

அச்சுதன் பட்டியலைச் சத்தமாகப் படித்தார். "மூணாவது லைன் ஓவன், வெளி வர்ற பக்கம் ரோலர் பேரிங், சென்ற முறைப்படி. மாவு மிக்ஸர், கீழ்ப் பக்கம், சென்ற முறைப்படி..." படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. பதினான்கும் சென்ற முறைப்படி. சென்ற முறை என்னவென்று தெரிந்த ஒரே சாட்சி லாரியில் போய்விட்டது. மெஷின் இங்கிலாந்தில் செய்தது, செய்த கம்பெனியே இப்போது இல்லை.

கடைசி வரியைப் புதிதாக வந்திருந்த பர்ச்சேஸ் அதிகாரி ப்ரியா எழுதியிருந்தார்: தர இயலாவிட்டால் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும், தலைமை அலுவலகம் பரிந்துரைத்த பொது சப்ளையரிடம் நிரந்தரமாக மாற்றிக்கொள்கிறோம்.

கடையின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு தொழிற்சாலைதான். அது போனால் வண்டலூர் வாடகை மூன்று மாதம் தாங்காது. அச்சுதன் உட்கார்ந்துவிட்டார்.

"முடியாதுன்னு மரியாதையா எழுதிடலாம் அக்கா."

"மரியாதையா எழுத எனக்கு வராது. வண்டியை எடு."

இடிப்பு கான்டிராக்டரைப் பிடித்து, அவர் யாருக்கு விற்றார் என்று கேட்டு, பொழிச்சலூரில் துலுக்காணத்தின் காயலான் கடையைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்த ஊர் வழக்கம்.

"எட்டு சாக்கா? ஆமா மேடம், வந்துச்சு. அல்லாம் பிரிச்சாச்சு" என்றார் துலுக்காணம்.

"பிரிச்சாச்சுன்னா?"

துலுக்காணத்தின் மனைவி காந்தா கையில் கட்டிங் பிளேயரோடு எழுந்து வந்தார். "இன்னாமா, நீங்கதானா அது? பழைய பேரிங்குக்கெல்லாம் தாலி கட்டி வெச்சிருந்தது? நேத்து உக்காந்து அறுத்து அறுத்து என் கையே பூட்ச்சு."

பட்டு பார்த்தார். ஒரு டிரம்மில் பேரிங்குகள். இன்னொரு டிரம்மில் அலுமினியத் தகடுகள். அலுமினியத்துக்குத் தனி விலை என்பதால் காந்தா ஒன்றுகூட விடாமல் வெட்டிப் பிரித்திருந்தார். வெள்ளம் செய்யாததை ஒரு கட்டிங் பிளேயர் செய்து முடித்திருந்தது.

"ஆயில் சீலெல்லாம்? ரப்பர் வளையம்?"

"ரப்பருக்கு இன்னா ரேட்டு கீது? அத்த குப்பை வண்டில போட்டாச்சு."

பட்டு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு பேரிங்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாமா மோந்து பாக்குற?" என்றார் காந்தா.

"இது டேனரி. சுண்ணாம்பு வாடை." தூக்கி ஒரு பக்கம் போட்டார். அடுத்தது. "இது பெயின்ட் கம்பெனி." அடுத்தது. "பிஸ்கட் கம்பெனின்னா சர்க்கரை தீய்ஞ்ச வாசனை வரணும்."

காந்தாவின் முகம் மாறியது. "அட, ஆமா! நேத்து சொன்னேன் இந்தாளு கிட்ட, இன்னாயா இரும்பு பிஸ்கோத்து மாரி மணக்குதுன்னு. எனக்கு மூளை கலங்கிட்ச்சுன்னான்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் துலுக்காணம்.

"தெனம் சொல்றியே, எது எப்பன்னு நான் எய்தி வெச்சிக்கினா கீறேன்?"

அதற்குப் பிறகு இரண்டு மூக்குகள் வேலை செய்தன. காந்தாவின் மூக்கு பட்டுவினுடையதைவிடக் கூர்மை. பத்து வருடப் பழக்கம். பித்தளையா, பூச்சு பூசிய இரும்பா என்பதையே முகர்ந்து சொல்லக்கூடியவர். ஒன்றரை மணி நேரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சத்திலிருந்து முப்பத்தேழு பிஸ்கட் பேரிங்குகள் தனியாக வந்தன. இன்னொரு டிரம்மிலிருந்து பிஸ்கட் கம்பெனி பெயர் அடித்த தகடுகளை அச்சுதன் பொறுக்கினார்.

இனி எது எதனுடையது? பட்டு அதற்கும் வழி வைத்திருந்தார். ஓவனில் கிடந்தவை வெப்பத்தில் நீலம் பாரித்திருந்தன. அங்கே போடுவது கறுப்பு கிரீஸ். மாவுப் பக்கம் வெள்ளை கிரீஸ், இடுக்கில் கல்லாக இறுகிய மைதா. தகடுகளிலும் அதே கறுப்பும் வெள்ளையும் ஒட்டியிருந்தன. அப்படியும் குழம்பிய நாலைந்தைப் படம் எடுத்து, தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர் ஃபிரெடிக்கு அனுப்பினார். ஃபிரெடி உடனே கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ரெண்டாவது படம் ஓவன் வெளிப்பக்கம்தான். விளிம்புல உளி வெட்டு தெரியுது பாருங்க, அது நான் போன வருஷம் போட்டது. வரமாட்டேன்னு அடம் புடிச்சது, நாலு போட்டேன்."

"நன்னா போட்டீங்க. அதான் காப்பாத்தறது."

இரண்டு மணிக்குப் பதினொன்று தேறின. மீதி மூன்றும் ஆயில் சீல். குப்பை வண்டியில் போனவை. அச்சுதன் பதினொன்றின் அளவையும் எழுதிக்கொண்டு, பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, பாரிமுனை மொத்தக் கடைகளுக்கு ஓடினார். கிளம்பும்போது, "அந்த மூணுக்கு என்ன பண்றது அக்கா? பதினொண்ணு மட்டும்னு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

பட்டு அங்கேயே, காயலான் கடைத் தரையில் உட்கார்ந்தபடி, கைபேசியில் ப்ரியாவுக்குப் பதில் அடித்தார்: பதினான்கும் வரும்.

எட்டுச் சாக்கையும் வாங்கின விலைக்கு மேல் போட்டுத் திருப்பிக் கேட்டபோது துலுக்காணம் கொடுத்துவிட்டார். காந்தா மட்டும் கேட்டார்: "இன்னைக்கேவா இட்டுகினு போற? சனிக்கெயமை இரும்பாச்சேமா."

மேலே ஒரு விமானம் போயிற்று. போய் முடியும்வரை பட்டு யோசித்தார்.

"நாள் பார்த்துத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன். ஏத்துங்கோ."

சனிக்கிழமை மாலை, சுந்தரராமன் மில் ஸ்டோர்ஸ் வரலாற்றில் முதல் தடவையாக, இரும்பு உள்ளே வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்திரண்டு வருடம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் பட்டு வெர்னியர் காலிப்பரோடு நின்றார். மெஷின் நின்றதும் ஃபிரெடி பழைய சீல்களைக் கழற்றுவார். கழற்றிய கையோடு அளவெடுக்க வேண்டும். அதற்கு முன் காவலாளியைத் தாண்ட வேண்டும்.

"மேடம், புடவையோட ஷாப் ஃப்ளோருக்கு விடமாட்டாங்க. ஷூ வேணும், தொப்பி வேணும், நகை கூடாது."

பட்டு வளையல்களைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தார். புடவைக்கு மேல் நீல நிறக் கோட்டு. தலைக்கு வலைத் தொப்பி. அங்கே இருந்ததிலேயே சின்ன பாதுகாப்பு ஷூ எட்டாம் நம்பர்; பட்டுவின் கால் ஐந்து. செய்தித்தாளைக் கிழித்து முன்னால் அடைத்துக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவர்போலத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். ப்ரியா கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும்.

முதல் இரண்டு சீல்களும் சாதாரண அளவு. போனில் சொன்னதும் பாரிமுனையில் காத்திருந்த அச்சுதன் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டார். மூன்றாவதை அளந்தபோது எண் மில்லிமீட்டரில் எதிலும் பொருந்தவில்லை. மறுபடி அளந்தார். ஃபிரெடி எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச் அளவு அக்கா. வெள்ளைக்காரன் மெஷினாச்சே."

"அச்சு, ஒண்ணே முக்கால் இஞ்ச் தண்டு" என்று பட்டு போனில் சொன்னார். "பக்கத்து அளவு வாங்கிடாதே. கசிஞ்சா எண்ணெய் பிஸ்கட்ல விழும். அதுக்கப்புறம் நாம கடை நடத்த வேண்டாம், ஜெயில்ல மாவு பிசையலாம்."

அச்சுதன் கடை கடையாக ஏறினார். பதினோரு கடைகளில் இல்லை. பன்னிரண்டாவது கடையில், நாளைக்கு வாருங்கள், கிடங்கில் பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். முடிவெடுக்கும் வழக்கமில்லாத அச்சுதன் அன்று ஒரு முடிவெடுத்தார். "கிடங்கு எங்க இருக்கு? நானே வந்து தேடறேன்." கிடங்கில் நாலு மணி நேரம் தேடினார். மேல் தட்டில், எலி கடித்த அட்டைப் பெட்டியில் மூன்று இருந்தன. மூன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தார்.

"கிடைச்சுதுக்கா. நானே முடிவு பண்ணி மூணா வாங்கிட்டேன்."

"மூணா? ஒண்ணுதானே கேட்டேன்!" என்றார் பட்டு. பிறகு, "நல்ல காரியம் பண்ணினேடா" என்றார். அச்சுதன் அதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். சிக்னல் சரியில்லை என்று காரணம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குப் பதினான்கு உருப்படிகளும் கேட்டில் இறங்கின. ஃபிரெடி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத் தலையசைத்தார். ப்ரியா கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டுவையும் அச்சுதனையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், உண்மையைச் சொல்லணும்னா, நீங்க தரமாட்டீங்கன்னுதான் நினைச்சேன். புனேல இருக்கற சப்ளையர் கிட்ட கேட்டேன். மெஷின் மாடல் நம்பர் குடுங்க, ஆறு வாரம்னாங்க."

"மாடல் நம்பர் பலகை தொண்ணூத்தெட்டுலயே விழுந்துடுத்தும்மா."

"அதான். எங்க மெஷினைப் பத்தி எங்களை விட உங்களுக்குத் தெரியுது. அந்த விவரம் எல்லாத்தையும் ஒரு எக்ஸெல்ல போட்டுக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

அச்சுதன் சட்டென்று தலையாட்டப் போனார். பட்டு அன்றும் மாட்டியிருந்த எட்டாம் நம்பர் ஷூவால் அவர் காலை மிதித்தார். அந்த எக்ஸெல் கைமாறிய மறுநாள் இவர்கள் தேவையில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஒருவருக்குக் கொஞ்சம் தாமதமாக.

"தாராளமா தரேன்" என்றார் பட்டு. "ரெண்டு வருஷத்துக்கு எங்களைத் தவிர யார்கிட்டயும் வாங்கறதில்லைன்னு எழுதிக் குடுங்கோ. ஒரு வருஷம் லைனுக்கு ஒண்ணா சரிபார்க்கணும். ஒரு வருஷம் எழுதணும். முடிஞ்சதும் உங்க கையில."

"எழுத ஒரு வருஷமா?"

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதும்மா. பஞ்ச் அடிச்சுத்தான் பழக்கம்."

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் மேடம்."

வியாழக்கிழமை மெயில் வந்தது. வண்டலூர் முகவரி போட்டு, முத்திரையோடு, ஒப்பந்தம். அச்சுதன் திரையைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார். பட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மூன்றாவது பத்தியில் நிறுத்தினார்.

"ஒரு வருஷம்னு போட்டிருக்காளேடா."

"ஒரு வருஷம் கிடைச்சதே பெரிசுக்கா! போன சனிக்கிழமை என்ன நிலைமைல இருந்தோம்?"

"போன சனிக்கிழமை நிலைமையெல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டுன்னுதானே சொன்னேன்."

அவர் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுக்கும்வரை, ஒரு துண்டுத் தகட்டை மேஜைமேல் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"ஹலோ, ப்ரியாவா? பட்டு பேசறேன். மெயில் வந்தது, ரொம்ப சந்தோஷம். மூணாவது பத்தியில மட்டும் ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. பேனா வெச்சிண்டிருக்கேளா?"